மிளகாய் குத்திய கை

"மழைய யாரோ கட்டி வச்சிட்டாங்க. எழுதி வச்சிக்குங்க."

பத்துமலை இதைச் சொன்னபோது எட்டாங்கட்டை லயத்துக் குழாய்களில் பதினோராவது நாளாகக் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் லோரி வரும் என்று அம்மன் கோவில் வாசலில் தண்ணீர் பிடிக்கும் தோம்புகளை வரிசை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த முப்பது பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்துமலை கோவில் தலைவர். ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்ற பிறகும் லயத்தை விட்டுப் போகாத நாற்பது குடும்பங்களுக்கு நல்லது கெட்டது பேசுவதும் அவர்தான்.

"கட்டுறதாவது மாமா! இது எல் நினோ" என்றாள் தினேஸ்வரி. காம்பாரில் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பெண். "கடல் சூடாயிருச்சு. மழை வேற பக்கம் போவுது. அதோட மலையில டுரியான் போட காட்ட மொட்டையடிச்சிட்டாங்க. ஓட காயாம என்ன பண்ணும்?"

"சரிம்மா. அந்த எல் நினோ வீடு எங்க இருக்குன்னு சொல்லு, நாலு பேரு போய் கேட்டுட்டு வாரோம்."

எல்லாரும் சிரித்தார்கள். தினேஸ்வரி விடவில்லை. "டுரியான் கம்பெனி வீடு தெரியும்லா? அங்க போங்க."

"போனோமே! கேட்டுக்கு உள்ளாற நாலு நாயி. கம்பத்துக்குக் கம்பம் கேமரா. காவக்காரன்கிட்ட கடுதாசி குடுத்தோம். அவன் நேபாளி. நாங்க பேசுனது அவனுக்கு வெளங்கல, அவன் பேசுனது எங்களுக்கு வெளங்கல. கும்பிட்டு அனுப்பிட்டான்."

"அப்ப யாரு கட்டுனாங்கறீங்க?" என்றார் யாரோ.

பத்துமலை துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஈப்போவுல ரெண்டு வாட்டி பேஞ்சிச்சி. பத்து காஜால முந்தா நேத்து காலுவா நெறஞ்சி ரோட்டுல ஓடிச்சாம். நம்ம தலைக்கு மேல மட்டும் மேகம் வருது, நிக்குது, திரும்பிப் போவுது. எப்பலேருந்து? டிசம்பர்லேருந்து. டிசம்பர்ல இங்க என்ன நடந்துச்சி?"

"பாய் மவ கல்யாணம்" என்றது ஒரு குரல்.

"அன்னிக்கு லகாட்ல மழ. பூசிங்ல மழ. பாய் வீட்டுப் பந்தல்ல ஒரு பொட்டு விழுந்துச்சா? முந்துன நாளு சொங்கோ தொப்பி போட்ட ஒரு ஆளு வந்து வீட்டச் சுத்திச் சுத்தி நடந்தான். என் கண்ணால பாத்தேன்."

"அவன் கெமா போடுறவன் மாமா. பந்தலுக்கு அளவெடுக்க வந்தான்."

"அளவெடுக்கறவன் எதுக்குமா மேல பாத்துக்கிட்டே நடக்கிறான்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் எதிர்ப்பக்க மேட்டுக்குப் போனது. அங்கே தோட்டத்துக் குமாஸ்தா இருந்த பழைய கிராணி பங்களா. லகாட்டில் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்தும் ஷரபுதீன் அதை வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. லயத்துக்கு நிலப்பட்டா இல்லை, பட்டா இல்லாத இடத்துக்கு அரசாங்கப் பைப்பும் இல்லை; மலை ஓடையிலிருந்து இழுத்த குழாய்தான். அந்த வீட்டில் பைப்பும் உண்டு, அது நின்றால் கிணறும் உண்டு. கிணற்று மூடிக்குப் போன மாதத்திலிருந்து பூட்டும் உண்டு.

வரிசையில் ஏழாவதாக இருந்த நவமணி தன் தோம்பின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டியது யார் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான்.

அது மலாய்க்காரர்களிடமிருந்து தோட்டத்துக்கு வந்த பழக்கம். விசேஷத்தன்று மழை வரக்கூடாது என்றால், தென்னை ஈர்க்கில் ஒரு சிவப்பு மிளகாய், ஒரு சின்ன வெங்காயம், மறுபடி ஒரு மிளகாய் என்று கோத்து, நுனி வானத்தைப் பார்க்க மண்ணில் குத்திவைப்பார்கள். தலைச்சன் பிள்ளைதான் குத்த வேண்டும். விசேஷம் முடிந்ததும் குத்திய கையே பிடுங்க வேண்டும். பிடுங்காவிட்டால் மழை கோபித்துக்கொள்ளும். கோவில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் குத்துகிறவள் நவமணி. "அக்கா, குத்தியாச்சா?" என்று அவளைத் துரத்துகிறவரே பத்துமலைதான்.

பதினான்கு வருஷமாக ஷரபுதீன் கடையில் மசாலா அரைக்கிறவளும் அவள்தான். அவர் மகள் ஷஹீராவுக்குப் பேன் பார்த்துத் தலை பின்னிவிட்டவள். அந்தப் பெண்ணின் கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்கு வானம் பானை அடியாகக் கறுத்தது. வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளியில் எட்டு அண்டா பிரியாணி. வெங்காயம் உரிக்கக் கூலிக்கு வந்திருந்த பிரமிளாதான் முதலில் மேலே பார்த்தாள். அவள் பத்துமலையின் மனைவி.

"அக்கா, குத்துங்க சீக்கிரம்."

"இவங்க வீட்லயா? பாய்க்குத் தெரிஞ்சா பாவம்னு சொல்லுவாருடி."

"தெரியாம குத்துங்க. இந்தாங்க வெங்காயம், நானே உரிச்சது. கோவில் தொடப்பத்துல ஒரு ஈர்க்கு உருவிக்கிட்டு வந்துர்றேன்."

கிணற்றோரமாகக் குத்தினாள். மழை வரவில்லை. எண்ணூறு பேர் நனையாமல் சாப்பிட்டுப் போனார்கள். அண்டா கழுவி நிமிரும்போது இடுப்பு விட்டுப்போயிருந்தது, மிளகாய் நினைவில் இல்லை. நான்காம் நாள் நினைவு வந்து ஓடினால் அந்த இடத்தில் சிமெண்டு. மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வருவதற்குள் கிணற்றைச் சுற்றித் தளம் போட்டுவிட்டார்கள்.

ஜனவரியில் அவளும் பிரமிளாவும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். மாசியில் சிரிப்பு நின்றது. நம்புகிறாயா என்று கேட்டிருந்தால், "சேச்சே, வெறும் மிளகாயில என்ன இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பாள். காலித் தோம்போடு நிற்கிறபோது மட்டும் நம்பினாள்.

"வெள்ளிக்கிழம பாய் பள்ளிவாசல்லேருந்து வரட்டும்" என்றார் பத்துமலை. "எல்லாரும் போவோம். கட்டுன எடத்தக் காட்டச் சொல்லுவோம். காட்டுனா சரி. காட்டலன்னா வீட்டத் தோண்டிப் பாத்துக்கிறோம்."

பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று கையைத் தட்டினான். தினேஸ்வரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவள் அம்மா முழங்கையால் இடித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நவமணி பிரமிளாவைப் பிடித்தாள். "சொல்லிறலாமாடி?"

"என்ன சொல்லப் போறீங்க?"

"நாந்தான் குத்துனேன்னு."

"குத்துனது நீங்க. அத நீங்க சொல்லிக்குங்க. என் பேரு வந்துச்சி, அவரு என்ன வீட்டுல வைக்க மாட்டாரு." பிரமிளா நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். "சொல்லாதீங்கக்கா. சொன்னா நாள பின்ன ஒங்களுக்கு யாரு தண்ணி வுடுவா?"

மறுநாள் கடையில் ஜைனப் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். ஷரபுதீனின் மனைவி ஜைனப் எதையும் நிமிர்ந்து பார்த்துக் கேட்பவள். அன்று பூண்டைப் பார்த்துக் கேட்டாள்.

"நவமணிக்கா, ஒங்க லயத்துல பாராங்கத்தி யாரு யாரு வச்சிருக்காங்க?"

"புல்லு வெட்ட எல்லார் வீட்லயும் இருக்கு. ஏன்?"

"கிணத்து ஹோஸ மூணு துண்டா அறுத்திருக்காங்க. வேன் டயரு ரெண்டு."

"அல்லாவே" என்றாள் நவமணி. அந்த வீட்டில் பழகிப் பழகி வந்த வார்த்தை. "எங்க கோவில் குழாயயும் யாரோ ஒடச்சிட்டாங்க, ஜைனப்பு."

"அத நாங்க ஒடச்சோம்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல."

"நீங்க சொல்லல. சொல்றது யாரு?"

நவமணி மசாலாவை வழித்தாள். அரைபட்டது போதுமா போதாதா என்று அவளுக்கே தெரியவில்லை. கல்லாவிலிருந்து ஷரபுதீன் எழுந்து வந்தார்.

"பத்துமலை வந்து கிணத்துத் தண்ணி கேட்டாரு. எங்கேருந்து குடுக்க? காலையில கால் மணி நேரம் ஓடுது, அப்புறம் சேறு. இல்லன்னு சொன்னா, 'பூட்டி வச்சிருக்கியே, இல்லாததுக்கு எதுக்குப் பூட்டு'ங்கறாரு."

"தொறந்து காட்டியிருக்கலாமே பாய்?"

"தொறந்து வச்சி, யாராச்சும் எதையாச்சும் போட்டுட்டாங்கன்னா?"

யாராச்சும் என்று சொல்லும்போது அவர் அவள் கையைப் பார்த்தாரா, அம்மியைப் பார்த்தாரா? நவமணி கையை முந்தானையில் துடைத்தாள். இப்போது சொல்லிவிடலாம். மகள் கல்யாணத்தில், தொழுகிற வீட்டில், கேட்காமல் இப்படி ஒரு காரியம் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அடுத்து, வெங்காயம் யார் கொடுத்தது என்று கேட்பார்கள்.

"பாய், அந்தக் கிணத்துத் தளத்துல ஒரு மூலைய ஒடச்சிப் பாக்கலாமா?"

"எதுக்கு?"

"இல்ல... வெடிச்சிருக்குல்ல. அதான்."

ஜைனப் பூண்டை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர் கல்லாவுக்குப் போனார். சாயங்காலம் வழக்கமாக மீனாணக் குழம்பும் ரொட்டியும் கட்டிக் கொடுக்கிற ஜைனப் அன்று மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு நவமணி கடப்பாரையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மேடு ஏறினாள். பாயும் மகன் ஷாஃபியும் தொழுகைக்குப் போயிருப்பார்கள், ஜைனப் கடையில் இருப்பாள். பிடுங்கிவிட்டு, பிடுங்கியாயிற்று என்று லயத்தில் சொல்லிவிட்டால், மூன்று மணிக்கு யாரும் இந்த வீட்டுக்கு வரத் தேவையில்லை. யார் குத்தியது என்று கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். மழை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

வெயிலில் மண் சுருங்கித் தளம் ஏற்கெனவே பாளமாக வெடித்திருந்தது. கடப்பாரையால் ஆறு குத்துப் போட்டதில் ஒரு முழம் பெயர்ந்தது. அவள் குந்தி உட்கார்ந்து கையை விட்டாள். பொடி மண். கட்டெறும்பு. அங்குலம் அங்குலமாகத் துழாவினாள். ஈர்க்கு இல்லை, மிளகாய் இல்லை, வெங்காயத் தோல்கூட இல்லை.

"ஆன்ட்டி, என்ன போடுறீங்க?"

ஷாஃபி. கையில் தொலைபேசி, அவளை நோக்கி நீட்டியபடி. டயர் அறுபட்டதிலிருந்து வீட்டைத் தனியாக விடக்கூடாது என்று அவன் தொழுகைக்குப் போகாமல் காவல் இருந்திருக்கிறான்.

"போடலப்பா. எடுக்க வந்தேன்."

"என்ன எடுக்க? கைல ஒண்ணும் இல்லையே."

"அது... இருந்துச்சி. இப்ப இல்ல."

"கிணத்தடியில குழி தோண்டி, ஒண்ணும் இல்லாத கைய உள்ள வுட்டு எடுக்கறீங்க. என்னப் பாத்தா மடையன் மாதிரி தெரியுதா ஆன்ட்டி?" அவன் அவள் கையைச் சுட்டினான். "எனக்கு சோறு ஊட்டுன கை இது!"

அவள் விளக்குவதற்குள் அவன் தொலைபேசியில் பேசிவிட்டான். லயத்து ஆள் கிணத்துல என்னமோ போட்டாங்க, பிடிச்சி வச்சிருக்கேன், வாங்க. பத்து நிமிஷத்தில் லகாட்டிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பன்னிரண்டு, பதிமூன்று பேர். தொழுகை முடிந்த கையோடு வந்த கூட்டத்தில் ஷரபுதீனும், கடையிலிருந்து வந்த ஜைனபும் இருந்தார்கள்.

மோட்டார்கள் மேடு ஏறுவதை லயம் முழுக்கப் பார்த்தது. பாய் வீட்டில் நவமணியைக் கட்டிப்போட்டு அடிக்கிறார்கள் என்று யாரோ ஓடிப்போய்ச் சொன்னார்கள். மூன்று மணிக்கு வருவதாக இருந்தவர்கள் இரண்டேகாலுக்கே வந்துவிட்டார்கள். பத்துமலை முன்னால். பின்னால் சங்கோல் மண்வெட்டி, பாராங், பிளாஸ்டிக் டப்பாவில் பெட்ரோல்.

"எங்க பொம்பளைய வுடுங்கடா!"

"ஒங்க பொம்பள கிணத்துல என்ன போட்டா, அதச் சொல்லச் சொல்லு மொதல்ல!"

"நீ மழையக் கட்டுவ, நாங்க கிணத்தடிக்கி வந்தா குத்தமா?"

"யாருடா மழையக் கட்டுனது? பைத்தியமாடா ஒங்களுக்கு?"

கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பிறகு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஷரபுதீனின் காதுக்கு மேலே பட்டது. வெள்ளைத் தொப்பி சிவந்து கீழே விழுந்தது. ஷாஃபி அடுப்படிக்குள் ஓடிக் கோழி வெட்டுகிற கத்தியோடு வந்தான். பெட்ரோல் டப்பாவின் மூடி திறந்த வாசனை எல்லாருக்கும் வந்தது.

நவமணி தளத்தின் மேல் ஏறி நின்றாள்.

"நாந்தான் கட்டுனேன்! மழைய நாந்தான் கட்டுனேன். ஷஹீரா கல்யாணத்துக்கு, இந்த எடத்துல, மொளகா குத்துனேன். பாய்க்குத் தெரியாது. ஜைனப்புக்குத் தெரியாது. எடுக்க மறந்துட்டேன். அத எடுக்கத்தான் வந்தேன்."



"எங்க?" என்றார் பத்துமலை. "எடுத்துக் காட்டு."

"மக்கிப்போச்சி."

"மக்கிப்போச்சி." அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? பதினாலு வருஷமா பாய் கையில சம்பளம். அவரக் காப்பாத்த இத மட்டுமா சொல்லுவா? இன்னும் சொல்லுவா. கோவிலுக்கு குத்தறவ பாய் வீட்டுக்குக் குத்துவாளா? எவனாச்சும் நம்புவானா?"

"நம்ப மாட்டோம்" என்றது கூட்டம்.

பாய் பக்கத்து ஆட்களும் நம்பவில்லை. "எங்க வூட்ல இதெல்லாம் செய்ய மாட்டோம்" என்று கத்தினான் ஷாஃபி. "பழிய எங்க மேல போட்டுட்டு இப்ப நல்லவங்க மாதிரி பேசறீங்க!"

"யாராச்சும் பாத்தாங்களா?" பத்துமலை அவளிடம் நெருங்கி வந்தார். "நீ குத்துனத ஒருத்தர் பாத்தாங்களா? பேரச் சொல்லு."

பிரமிளா வேலிக்கு வெளியே, ஒரு பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்றாள். முகத்தில் பாதிதான் தெரிந்தது. நவமணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

"யாரும் பாக்கல."

"அப்ப பொய்" என்றார் பத்துமலை. "வுடுங்கடா, தோண்டுங்க. வீட்டுக்குள்ளேருந்து ஆரம்பிங்க."

டப்பா வைத்திருந்தவன் படியில் கால் வைத்தான். ஷாஃபி கத்தியை ஓங்கினான். ஜைனப் மகனின் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"வெங்காயம் நான் குடுத்தேன்!"

பிரமிளாவின் குரல் கீச்சென்று வந்தது. வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். "நாந்தான் உரிச்சேன். நாந்தான் குத்தச் சொன்னேன். ஈர்க்குகூட நம்ம கோவில் தொடப்பத்துல உருவுனது. கூலிக்கி வந்த எடத்துல, புள்ள கல்யாணம் நனையக் கூடாதேன்னு சொன்னேன். போதுமா? இப்ப யாரு வீட்டத் தோண்டப் போறீங்க? நம்ம வீட்டயா?"

கூட்டத்தில் யாரோ "தலைவர் வீட்டு வெங்காயமா?" என்றான். இன்னொருவன் சிரித்தான், அது இருமலாக மாறியது. படியில் கால் வைத்தவன் காலை எடுத்தான். டப்பாவுக்கு மூடி தேடினான், கிடைக்கவில்லை, கையால் பொத்திக்கொண்டான்.

"வீட்டுக்கு வா" என்றார் பத்துமலை மனைவியிடம், மெதுவாக.

"வாரேன். நாலு பேரு பாக்க வாரேன். நீங்க முன்னால போங்க."

அவர் போனார். அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் கலைந்தார்கள். கீழே கோவில் பக்கம் தண்ணீர் லோரியின் ஹார்ன் கேட்டதும் பாதிப் பேர் சங்கோலை வேலியிலேயே சாய்த்துவிட்டு ஓடினார்கள். மோட்டார்களும் ஒவ்வொன்றாக இறங்கின. ஷாஃபி அப்பாவின் காதில் துணியை அழுத்திப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். ஷரபுதீன் வாசற்படியில் நின்று திரும்பினார்.

"என் மவ கல்யாணத்துல" என்றார். உள்ளே போய்விட்டார்.

நவமணி பெயர்த்த சிமெண்டுத் துண்டுகளை எடுத்துக் குழியில் அடுக்கினாள். ஜைனப் அவளைப் பார்த்தபடி கிணற்றடியில் நின்றாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"நிஜமாவே ஒண்ணும் போடலையேக்கா?"

"ஜைனப்பு!"

"இல்ல, கேட்டேன்." ஜைனப் முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "ஷாஃபி கேப்பான். அவங்க அத்தா கேப்பாரு. நான் என்ன சொல்ல? நாளைக்குக் கடைக்கு வரவேணாம். கொஞ்ச நாள் போகட்டும்."

"எத்தன நாளு?"

"மழை வரட்டும்க்கா."

நவமணி கடப்பாரையைச் சாக்கில் சுற்றினாள். மேட்டிலிருந்து இறங்கினாள்.

லோரியின் குழாயிலிருந்து தண்ணீர் மெலிதாக விழுந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து இரண்டு தோம்புகளைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் வைத்தாள். அவளுக்கு முன்னால் நின்ற தினேஸ்வரியின் அம்மா திரும்பிப் பார்த்தாள். தன் வாளிகளை ஒவ்வொன்றாகக் காலால் முன்னே தள்ளி, நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டாள்.

"எல்லாருக்கும் கெடைக்குமா அண்ணே?" என்று நவமணி லோரிக்காரரைக் கேட்டாள்.

அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "முன்னால உள்ளவங்களுக்கு வரும்லா" என்றார்.